மால்குடியில் நமக்கு எந்த வீடு?

புனே நகரின் வடகிழக்கே லோஹேகாவ் என்னும் ஊர் உள்ளது. வானூர்தி வழியே புனேக்கு வருவோர் முதன்முதல் அடிவைப்பது அவ்வூர் மண்ணிலேதான். 1939-ஆம் ஆண்டில், பம்பாய் நகரின் வான்காவலை முன்னிட்டு அங்கே ஒரு விமானத்தளம் அமைக்கப்பெற்றது. இன்று அது இந்திய விமானப்படையின் தளமாக விளங்குகிறது. நகரம் வளர்ந்து வளர்ந்து 2017-ஆம் ஆண்டில் ஊரையே மாநகராட்சியின் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. தளத்திலும் அதனைச் சூழ்ந்த தொழிற்கூடங்களிலும் அலுவலகங்களிலும் பணி செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு வீடு என்பது சில ஆண்டுகளுக்கு உரிய உடைமையே. மாற்றல் ஆணை வந்ததும் பெட்டிகளைக் கட்ட வேண்டும்; சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

இத்தகைய குடும்பங்கள் சில கூடியிருந்த ஒரு மழைக்கால மாலையில் நாமும் உடனிருந்தோம். மின்சாரம் நின்றுபோயிற்று. பொழுது போக்குவதற்காக ஓர் இளைஞர் ஒரு வினாவை எழுப்பினார்: தொலைக்காட்சித் தொடர்களில் நாம் கண்ட வீடுகளுள் ஒன்றில் குடியேறலாம் என்று அனுமதி கிடைத்தால், எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஒருவர் இராமாயணத் தொடரில் வந்த அயோத்தி அரண்மனை என்றார். மற்றொருவர், அரண்மனையைப் பெருக்கித் துடைக்க ஆள் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, 1988-ஆம் ஆண்டில் வந்த வாக்ளே என்னும் எழுத்தரின் சிறிய வீடே போதும் என்றார். ஆனால் மால்குடி என்ற பெயரை ஒருவர் சொன்னதும் பேச்சு முழுவதும் அப்பக்கம் திரும்பிற்று. சுவாமி என்னும் சிறுவன் ஓடியாடிய அந்த முற்றத்து வீட்டையே பலரும் விரும்பினர்.

அப்பொழுது, மகனுடன் வந்து தங்கியிருந்த முதிய தாயார் ஒருவர் மெல்ல ஒரு கேள்வி கேட்டார். “எல்லாரும் குடிபோகலாம். அந்த வீட்டில் பாட்டிக்கு எந்த அறை?” அவர் மகனுக்குக் கிடைத்திருந்ததோ இரண்டு அறைகள் கொண்ட குடியிருப்பு. இரவில் அவ்வம்மையாரின் படுக்கை கூடத்தில்தான் விரிக்கப்படும். அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனினும் ஒருவரும் விடை கூறவில்லை. அவ்விடையைத் தேடுவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

கற்பனை வீட்டில் குடியேற விரும்புவது புதிய வழக்கம் அன்று. துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் இலண்டன் மாநகரில் பேக்கர் தெருவில் 221 பி என்னும் எண்ணுள்ள வீட்டில் வாழ்ந்ததாகக் கோனன் டாயில் எழுதினார். முதற்கதை வெளிவந்த 1887-ஆம் ஆண்டில் அத்தெருவில் அத்தனை எண்கள் இல்லவே இல்லை. பிற்காலத்தில் தெரு நீண்டு எண்கள் மாறியபோது, அவ்வெண் அமைந்த கட்டடம், வீடு வாங்குவோர்க்குக் கடன் வழங்கும் ஒரு நிறுவனத்துக்கு உரியதாயிற்று. இல்லாத மனிதருக்கு எழுதப்பட்ட கடிதங்கள் அங்கே வந்து குவிந்தன. அவற்றுக்கு விடை எழுதுவதற்கென்றே அந்நிறுவனம் ஒருவரை அமர்த்த வேண்டியதாயிற்று. கதையில் பிறந்த வீட்டுக்கு உண்மை உலகம் இடம் ஒதுக்கித் தருகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

புனே நகரத்தார்க்கும் திரையில் கண்ட வீடுகள் தொலைக்காட்சிக்கு முன்னரே அறிமுகமானவை. லோஹேகாவ், மராட்டியத்தின் பெருங்கவியும் அடியாருமான துக்காராமின் தாய் பிறந்த ஊர் என்று அப்பகுதி மக்கள் போற்றி வருகின்றனர். அதுபற்றியே புனே விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டுவதென 2024-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அமைச்சரவை தீர்மானம் செய்தது. அவருடைய வரலாற்றைப் புனேயிலிருந்த பிரபாத் திரைப்பட நிறுவனம் 1936-ஆம் ஆண்டில் படமாக எடுத்தது. இயக்கிய தாம்லேயும் ஃபத்தேலாலும் அடிப்படையில் காட்சியமைப்புக் கலைஞர்கள். ஆகையால் அடியார் வாழ்ந்த எளிய வீடும் ஊரும் படப்பிடிப்பு வளாகத்திலே உயிர்பெற்று எழுந்தன. 1937-ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் அப்படம் பாராட்டுப் பெற்றது. அவ்வளாகத்திலேதான் இன்று இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது.

அந்த வீட்டைக் கண்டு மக்கள் கைகூப்பினர். ஆயினும், அதில் குடியேற எத்தனை பேர் விரும்பியிருப்பர்? கிடைத்ததையெல்லாம் பிறர்க்கு ஈந்துவிட்டு வெறுங்கையுடன் வரும் கணவர். அடுப்பில் என்ன ஏற்றுவது என்று கலங்கும் மனைவி ஜீஜாயி. வணங்குதற்குரிய வீடு வேறு. வாழ விரும்பும் வீடு வேறு. அயோத்தி அரண்மனையும் முன்னதன் வகையைச் சேர்ந்ததே. 1987, 1988-ஆம் ஆண்டுகளில் அத்தொடர் ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலை அணிவித்தவர்கள் உண்டு. ஆனால் மால்குடி வீட்டுக்கு எவரும் மாலை சூட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்காரவே விரும்பினர்.

பம்பாயில் தொலைக்காட்சி நிலையம் 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் அதன் ஒளிபரப்பு புனேக்கும் எட்டியது. 1982-ஆம் ஆண்டில் நாடு தழுவிய ஒளிபரப்பும் வண்ணக் காட்சியும் வந்த பின்னர், லோஹேகாவிலுள்ள குடும்பமும் மதுரையிலுள்ள குடும்பமும் ஒரே இரவில் ஒரே வீட்டைக் காணலாயின. அக்காலத்திலே, 1986-ஆம் ஆண்டில் வந்தது ‘மால்குடி டேஸ்’ என்னும் தொடர். கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் அதனை இயக்கினார். மாஸ்டர் மஞ்சுநாத் சுவாமியாகவும், கிரீஷ் கர்னாட் தந்தையாகவும் நடித்தனர். நம் தமிழகத்து இசைவாணர் எல். வைத்தியநாதன் இசையமைத்தார். கதைகளுக்கு உரியவர் ஆர். கே. நாராயண். தொடரில் தோன்றிய கோட்டோவியங்களை வரைந்தவர் அவருடைய தம்பி ஆர். கே. லட்சுமண்.

நாராயண் 1906-ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்த தமிழர், எழுதியதோ ஆங்கிலத்தில். 1930-ஆம் ஆண்டில் பெங்களூரில், பாட்டியார் குறித்துக் கொடுத்த நல்ல நாளில் ஒரு குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு முதல் நாவலைத் தொடங்கினார் என்று தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அன்று அவர் மனத்தில் முதலில் எழுந்தது ஒரு சிறிய ரயில் நிலையம். அந்நிலையத்துக்குப் பெயர் மால்குடி. நிலையத்தைச் சுற்றிப் பின்னர் ஊர் வளர்ந்தது. சரயு ஆறு, மேம்பி மலை, மார்க்கெட் சாலை, கபீர் தெரு, விநாயக முதலி தெரு, செல்வர் வாழும் லாலி விரிவு ஆகிய யாவும் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துப் பணியில் ஒவ்வொன்றாக எழுந்தவை. ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் அந்த முதல் நாவல் 1935-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது.

இனி, அவ்வூரில் வீடு தேடுவோர் எவற்றையெல்லாம் காண்பர் என்று சற்றே பார்ப்போம். லாலி விரிவில், காவல்துறை அதிகாரியின் மகனான இராஜத்தின் வீடு இருக்கிறது. தனி அறை, விளையாட்டுப் பொருள்கள், ஏவலாளர் எல்லாம் உண்டு. ஆனால் அது மாற்றலுக்கு உட்பட்ட அதிகாரியின் வீடு. நாவலின் முடிவில் தந்தைக்கு மாற்றல் வர, இராஜம் ரயிலேறிப் போய்விடுகிறான். சுவாமி நிலையத்திலே கண்கலங்கி நிற்கிறான். லோஹேகாவ் சிறுவர்க்கு இதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வட்டித் தொழில் செய்யும் மார்கய்யாவின் வீடோ அண்ணன் தம்பி பாகப்பிரிவினையால் இரண்டாகப் பிளந்தது. இடையே சுவர், அச்சுவருக்கு இருபுறமும் ஒட்டுக்கேட்கும் காதுகள். அச்சகம் நடத்தும் நடராஜின் இடமோ நண்பர் கூடிப் பேசுதற்கு இனியது. ஆயினும் மாடியில் வாசு என்னும் முரடன் வந்து குடியேறி விலங்குகளைக் கொன்று பாடம் செய்யத் தொடங்கியதும் அமைதி அழிந்தது.

இவையனைத்தினும் நம் நெஞ்சை உருக்குவது ‘ஆங்கில ஆசிரியர்’ என்னும் நாவலில் வரும் வீடு. கிருஷ்ணன் என்னும் இளம் ஆசிரியனும் அவன் மனைவி சுசீலாவும் லாலி விரிவில் வீடு பார்க்கப் போகின்றனர். நல்ல வீடு, மனைவிக்குப் பிடித்திருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசிக்கொள்கிறார்கள். அந்த வீட்டின் கொல்லைப்புறத்துக் கழிப்பறைக்குள் சென்ற சுசீலா, கதவு சிக்கிக்கொள்ள, அழுக்கும் ஈயும் நிறைந்த அவ்விடத்தில் அகப்பட்டுத் தவிக்கிறாள். பின்னர் நோயில் விழுகிறாள். அது டைபாய்டு என்று தெரிகிறது. அவள் மீளவில்லை. நாராயணின் மனைவி இராஜம் 1939-ஆம் ஆண்டில் அதே காய்ச்சலால் இறந்தார் என்பதையும், நாவல் 1945-ஆம் ஆண்டில் வெளிவந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால், அப்பக்கங்கள் வெறுங்கற்பனை அல்ல என்பது புலனாகும். மால்குடியில் வீடு தேர்ந்தெடுக்கும் விளையாட்டை நாராயண் நமக்கு முன்னரே ஆடிப்பார்த்தவர். அதன் விலையும் அறிந்தவர்.

ஆயினும் மக்கள் விருப்பம் குறையவில்லை. அது கருங்கல்லும் மரமுமாக உருவம் கொண்ட வரலாற்றையும் காண்போம். தொடரின் படப்பிடிப்புக்குச் சங்கர் நாக் தேர்ந்த ஊர், கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள ஆகும்பே. ஆண்டுதோறும் 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் மலையூர் அது. அங்கே தொட்டமனெ, அதாவது பெரிய வீடு என்று பெயர் பெற்ற பழைய இல்லம் ஒன்று உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்டது, நடுவே முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். சுவாமியின் வீடாகத் திரையில் தோன்றியது அதுவே. வீட்டார் இன்றும் அங்கே வாழ்கின்றனர். தொடரை நினைத்து வருவோர்க்கு உணவும் உறைவிடமும் தருகின்றனர். அங்கே ஓரிரவு தங்கிச் செல்வோர், நாம் கேட்ட வினாவுக்கு வாயால் அன்றிக் காலால் விடை சொன்னவர்கள்.

மால்குடி ரயில் நிலையமாகக் காட்டப்பட்டது அதே மாவட்டத்திலுள்ள அரசாளு நிலையம். பழுதடைந்திருந்த பழைய நிலையக் கட்டடத்தைத் தென்மேற்கு ரயில்வே பழுதுபார்த்து, 2020-ஆம் ஆண்டில் மால்குடி அருங்காட்சியகம் ஆக்கிற்று. தொடருக்குக் கலை இயக்குநராக இருந்த சிற்பி ஜான் தேவராஜே அதனை அமைப்பதிலும் ஈடுபட்டார். 1930-ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் மனத்தில் தோன்றிய நிலையத்துக்கு, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து உண்மையான தண்டவாளத்தின் அருகிலே ஓர் இடம் கிடைத்தது.

புனே நகரிலும் மால்குடிக்கு ஓரிடம் உண்டு. ஓவியர் லட்சுமண் தம் இறுதி ஆண்டுகளைப் புனேயில் கழித்து, 2015-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவர் நினைவாகப் பாலேவாடியில் கட்டப்பட்ட ஓவியக்கூடமும் அருங்காட்சியகமும் 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6-ஆம் நாள் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டன. மால்குடி ஊரின் சிற்றுருவ அமைப்பு ஒன்று ஒளியாலும் ஒலியாலும் உயிர்பெற்று அதன் நடுநாயகமாய் விளங்குகிறது. நகரின் கீழ்த்திசையிலுள்ள லோஹேகாவிலிருந்து மேல்திசையிலுள்ள பாலேவாடிக்கு ஊர் முழுவதையும் கடந்துதான் போக வேண்டும். கடந்து போனால் மால்குடியைக் கண்ணால் காணலாம், குடியேறத்தான் முடியாது.

கற்பனை வீடுகளுக்கு இவ்வளவு பேணுதல் கிடைத்திருக்க, அவற்றைப் படைத்தவரின் சொந்த வீடு என்ன ஆயிற்று? மைசூரில் யாதவகிரி என்னும் பகுதியில் நாராயண் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டார். மாடியில் எழுதுவதற்கென்றே அமைந்த அறைக்கு எட்டுச் சாளரங்கள். எத்திசை நோக்கினும் காட்சிகள் மிகுந்திருந்தமையால் எழுத்து ஓடவில்லை என்று கண்டு, திரையிட்டு மறைத்துக்கொண்டே எழுத வேண்டியிருந்தது என அவர் வேடிக்கையாகக் குறிப்பிட்டதுண்டு. 2001-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 2011-ஆம் ஆண்டில் அவ்வீட்டை இடிக்கும் வேலை தொடங்கிவிட்டது. செய்தி பரவி எழுத்தாளரும் வாசகரும் குரல் எழுப்பிய பின்னரே கடப்பாரை நின்றது. அதன்பின் வீடு பொதுவுடைமையாகிப் புதுக்கப்பெற்று, 2016-ஆம் ஆண்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதனைக் காத்தது செங்கல்லின் வலிமை அன்று. மால்குடியில் மனத்தால் குடியேறிய வாசகரின் பற்றே அவ்வீட்டுக்குக் காவலாக நின்றது.

இப்பொழுது அம்முதிய தாயாரின் கேள்விக்கு வருவோம். சுவாமியின் வீட்டில் பாட்டிக்கு எந்த அறை? நாவலில் விடை தெளிவாகவே இருக்கிறது. முன்கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே, காற்றோட்டம் இல்லாத இருண்ட இடைகழியில் பாட்டி வாழ்கிறாள். அவளுடைய உடைமையெல்லாம் அங்கேயே இருக்கின்றன. அறை என்று ஒன்று அவளுக்கு இல்லை. நாராயணின் சொந்த வாழ்க்கையோ இதற்கு நேர்மாறானது. இளமையில் தாய் தந்தையரைப் பிரிந்து, சென்னைப் புரசைவாக்கம் வெள்ளாளத் தெருவிலே பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர் அவர். அங்கே வீட்டுக்குத் தலைவி பாட்டியே. வாழ்க்கையில் வீடு முழுவதையும் ஆண்ட பாட்டியைக் கதையில் ஏன் இடைகழியில் வைத்தார்? மகன் தலையெடுத்து நடத்தும் நடுத்தரக் குடும்பத்து இல்லத்தில் முதியவர்க்கு எஞ்சுவது எந்த இடம் என்பதை அவர் பல வீடுகளில் கண்டிருக்க வேண்டும். அதை அழகுபடுத்தாமல் எழுதினார் என்பதே நம் எண்ணம்.

ஆனால் அந்த வீட்டிலே வாழும் சுவாமி தன் இடமாகத் தேர்ந்தது எது? இரவு உணவுக்குப் பின் பாட்டியின் மடியில் தலைசாய்த்து, ஏலமும் கிராம்பும் மணக்கும் அந்த இருளிலே அவன் தன் நண்பர் பெருமையைச் சொல்கிறான். ‘வீரன்’ என்னும் சிறுகதையில், பாட்டியின் அருகில் படுப்பது கோழைத்தனம் என்று கூறித் தந்தை அவனைத் தம் அலுவல் அறையில் தனியே படுக்கச் செய்கிறார். வீட்டிலேயே மதிப்பு வாய்ந்த அறை அது. சிறுவனோ அச்சத்தால் பெஞ்சியின் அடியில் ஒடுங்குகிறான். இருளில் அசைந்த காலைப் பேய் என்று எண்ணிக் கடிக்கிறான், கடியுண்டவன் திருடன். ஊரே அவனை வீரன் என்று புகழ்கிறது. மறுநாள் இரவு அவ்வீரன் எங்கே உறங்கினான்? பாட்டியின் அருகிலேதான்.

மாற்றலும் வாடகையும் அறியாத வீடு என்பதால் மால்குடியை நாம் விரும்புகிறோம் என்று முதலில் எண்ணினோம். அது பாதி உண்மையே. ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் உண்மையில் தேர்வது அதிலே யாருடைய அருகில் இருப்போம் என்பதையே. தூணும் முற்றமும் அதன்பின் வருவன. அதே வேளையில், அருகிருந்து நமக்கு அமைதி தருவோர்க்கு நாம் என்ன இடம் தருகிறோம் என்பதும் அத்தேர்விலே அடங்கிய கேள்வி.

மின்சாரம் வருவதற்குள் இவ்வளவையும் அன்று சொல்லி முடித்தோம். அவ்வம்மையாரின் பேரன் வழக்கம்போல் அவர் படுக்கையின் ஓரத்தில் வந்து சுருண்டுகொண்டான். அவர் அவன் தலையை வருடிக்கொண்டே சிறிது நேரம் எண்ணமிட்டார். பிறகு சொன்னார்: “எல்லாம் சரிதான். எழுத எட்டு ஜன்னல் வைத்துக்கொண்டாரே, அந்தப் பாட்டிக்கு ஒரு ஜன்னலாவது வைத்திருக்கலாம்.”